ராஜப்பன் லாரிக்குப் பஞ்சர் ஒட்டப்படாது

'ராஜப்பன் லாரிக்கு இனி இந்தச் சாலையில் பஞ்சர் ஒட்டப்படாது!'

இப்படி ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தேன். கிருஷ்ணகிரியில் அச்சாயிற்று. தலைப்பெழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் தடிமன். அடியில், 'இப்படிக்கு, திம்மப்பன், டியூப் ஒட்டுபவன், இருமுறை சிறை சென்றவன்' என்று போட்டிருந்தேன். என் மனைவி முனிலட்சுமி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கேட்டாள்.

"டியூப் ஒட்டறதுக்கும் ஜெயிலுக்கும் இன்னாங்க சம்பந்தம்?"

"அது வரலாறு."

"அப்ப வரலாறு வந்து சாப்பிடட்டும். களி ஆறுது."

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. மேடைக்கடியில் கிடந்த நோட்டீஸ்களைப் பொறுக்கி எழுத்துக் கற்றவன். என்னோடு ஒரே கொட்டடியில் கிடந்தவர்கள் இன்று சட்டை மடிப்புக் கலையாமல் ஜீப்பில் போகிறார்கள். போகட்டும். ஜீப்புக்கும் பஞ்சர் ஆகும். கிருஷ்ணகிரியை விட்டுப் பெங்களூர்ப் பக்கம் திரும்பும் இடத்தில்தான் என் தகரக் கொட்டகை இருக்கிறது. பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி. காலையில் எருமை குடிக்கும். பிறகு நான் டியூப் முக்குவேன்.

ராஜப்பன் மாந்தோப்புக்காரன். சொந்த லாரிகளில் பழம் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்புகிறவன். அவனுடைய டியூப் ஒன்று ஒட்டுமேல் ஒட்டாக என்னிடம் வந்தது. "இது இனிமேல் கன்றுக்குட்டி விளையாடத்தான் ஆகும்" என்று திருப்பி அனுப்பினேன். அதையே வேறெங்கோ ஒட்டி, முன் சக்கரத்தில் மாட்டினான். சூளகிரி இறக்கத்தில் அது வெடித்தது. டிரைவர் சென்றாயன் செத்துப்போனான்.

"டிரைவர் தூங்கிட்டான்" என்றான் ராஜப்பன். தூங்குகிறவன் பிரேக்கை மிதித்துக்கொண்டு சாகமாட்டான். சென்றாயன் காலை அங்கிருந்துதான் பிய்த்து எடுத்தோம். நானும் ஒரு கை பிடித்தேன்.

சென்றாயன் பெண்டாட்டி மாரம்மா, பிள்ளைகளோடு ராஜப்பன் தோப்போரக் குடிசையில் இருந்தாள். கருமாதி முடிந்ததும் காலி பண்ணச் சொன்னான். அவள் அசையவில்லை. குடிசைக்குப் போகும் வழியில் வேலமுள்ளை வெட்டிப் போட்டு அடைத்தான். ஆகவேதான் என் பிரசுரம். கோரிக்கை இரண்டு. குடிசை இருக்கும் இடம் மாரம்மா பேருக்கு எழுதப்பட வேண்டும். முன் சக்கரங்களுக்கெல்லாம் புது டியூப் போட வேண்டும். சாலையில் பஞ்சர் ஒட்டும் மற்ற இரண்டு பேரும் என் பக்கம் வந்தார்கள்.

முனிலட்சுமிக்கு மட்டும் நம்பிக்கை இல்லை.

"ஒட்டாம உட்டா அவன் பயந்துடுவானா?"

"பட்டினி போட்டால் யானையும் படியும்."

"பட்டினி யாருக்குங்க? நமக்கா, அவனுக்கா?"

இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு புரட்சி செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும், வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. டியூபை ஒட்டுவது பாதி வேலைதான். டயருக்குள் கைவிட்டு, சுற்றிலும் தடவிப் பார்த்து, உடைந்து நிற்கும் முள்ளையும் ஆணியையும் பிடுங்குவது மறுபாதி. அந்த மறுபாதி எப்போதும் முனிலட்சுமியுடையது. அவள் விரல் நுனிகள் சல்லடை மாதிரி இருக்கும். நான் வெளியே உட்கார்ந்து டிரைவர்களுக்கு அரசியல் சொல்லிக்கொண்டிருப்பேன்.

மாம்பழக் காலம் உச்சத்தில் இருந்தது. நான் கடையைச் சாத்திவிட்டுக் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் என்று பிரசுரம் கொடுக்கப் புறப்பட்டேன். சந்தையில் பேசினேன். தொண்டை கட்டியது. சாயங்காலம் திரும்பி வந்தால், தொட்டியைச் சுற்றி ஒரே ஈரம். முனிலட்சுமியின் முழங்கை வரை வெள்ளைப் பொடி.

"கையில் என்ன?"

"கோலமாவு."

"சாயங்காலத்தில் என்ன கோலம்?"

"காத்தால மறந்துட்டேன்."

"கோலமாவு டியூப் ஒட்டும் சொல்யூஷன் நாற்றம் அடிக்குமா?"

அவள் எருமையைப் பார்த்தாள். எருமை என்னைப் பார்த்தது.

"யாருடைய டியூப்?"

"ராஜப்பனோடதுதான். வைக்கோல் வண்டில, வைக்கோலுக்கு அடியில வெச்சு அனுப்பினான்."

முப்பது வருஷமாகக் கருங்காலிகளை எதிர்த்து முழங்கியவன் நான். தடியடியில் முழங்கால் போனவன். என் தொட்டியில், என் அரத்தால் தேய்த்து, என் சொல்யூஷனைத் தடவி!

"கருங்காலி!" என்று கத்தினேன்.

"பக்கத்து வூட்ல கொழந்த தூங்குது. மெதுவா திட்டுங்க."

"அவன் டியூபை ஒட்டினாயா, இல்லையா?"

"டியூபை மட்டுந்தான் ஒட்டினேன்."

"மட்டும் என்ன மட்டும்? கூலி வாங்கினாயா?"

"வாங்காம? மாரம்மா புள்ளைங்க இன்னிக்கித்தான் வயிறு ரொம்பத் தின்னுச்சுங்க. முன் சக்கரத்து டியூப் ரெண்டு வந்திச்சு. தொடமாட்டேன்னு அனுப்பிட்டேன். இன்னொருத்தன் சாவறதுக்கு நான் ஒட்டித் தரணுமா?"

"பின் சக்கரம் ஓடினால் லாரி ஓடும், அறிவுகெட்டவளே!"

"ஓடட்டுமே" என்றாள்.

அவள் கையால் ஆக்கிய சோற்றைத் தொடுவதில்லை என்று அந்த இடத்திலேயே அறிவித்தேன். பகலில் பிரசுரத்தோடு ஊர் சுற்றினேன், ராத்திரி கடை வாசலில் பாயை விரித்தேன். எதிர் டீக்கடையில் பன் தின்றேன். மறுநாளும் பன். அதற்கு மறுநாளும் பன். வயிற்றில் காற்று ஏறிக்கொண்டே போனது. இறங்க வழியில்லை. அவள் தினமும் களி உருண்டையைக் கிண்ணத்தில் வைத்து என் தலைமாட்டில் வைப்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பிறகு எருமை தின்னும். அந்த வாரத்தில் எருமை நன்றாகத் தேறியது.

அப்போதுதான் சேதி வர ஆரம்பித்தது. ராஜப்பனிடம் வண்டி ஓட்டும் முனிராஜ் லாரியில்லாமல் வந்தான்.

"அண்ணே, என் வண்டி சூளகிரிகிட்ட ஒக்காந்துட்ச்சு. இன்னொண்ணு குருபரப்பள்ளில. எல்லாம் பின் சக்கரம்."

"மாம்பழம்?"

"சாறு தார் ரோட்டுல வழியுதுண்ணே. ஈ மொய்க்குது. பெங்களூரு மண்டிக்காரன் இனிமே அனுப்பாதன்னுட்டான்."

எனக்குப் புரிந்துவிட்டது. அவசரத்தில் ஒட்டியிருக்கிறாள். ஒட்டுப் பிரிந்துவிட்டது. கருங்காலித்தனத்திலும் கைத்திறமை இல்லை! துரோகமே போராட்டத்துக்கு உதவிவிட்டது என்ற மகிழ்ச்சியில் இன்னொரு பன் வாங்கினேன். அதோடு நிற்காமல், வெற்றிப் பிரசுரத்துக்கு வாசகமும் எழுதினேன்.

மறுநாள் காலையில் ராஜப்பனின் மேஸ்திரி கரியப்பன், இறங்கிப்போன டியூப்களைத் தோளில் மாலை மாலையாகப் போட்டுக்கொண்டு வந்தான். ஒன்றின் மேல் என் பிரசுரம் சுற்றியிருந்தது. ஒட்டு அழுக்காகாமல் இருக்க முனிலட்சுமி அதில்தான் சுற்றிக் கொடுத்தாளாம்.

"அக்கா" என்றான் அவளிடம். காரியம் ஆக வேண்டுமென்றால் அவனுக்குத் தமிழ் போதாது, கன்னடமும் வரும். "ஏனக்கா இது? ஒட்டறோம், மாட்டறோம், கொஞ்ச தூரம் போனா காத்து போவுது. திரும்பத் திரும்ப!"

"ஒட்டு சரியில்லையா?" என்றாள் அவள். "என் வூட்டுக்காரரே பாக்கட்டும்."

விரதத்தில் இருந்தாலும் நான் தொழிலாளி. ஒரு டியூபில் காற்றடித்துத் தொட்டியில் அமுக்கினேன். அவள் ஒட்டு அட்டை மாதிரிப் பிடித்திருந்தது. ஒரு கொப்புளம் இல்லை. ஆனால் அதற்கு ஒரு விரல் தள்ளி, சரம் சரமாகக் கொப்புளம் வந்தது. புது ஓட்டை. அடுத்த டியூபை அமுக்கினேன். அதிலும் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை. அதற்கடுத்ததிலும் அப்படியே.

காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. என்ன இருந்தாலும் தொழில்ஞானம். எழுந்து நின்றேன். மேடைக் குரல் தானாக வந்தது.

"கரியப்பா! டியூபை ஒட்டுவது பாதி வேலை. மறுபாதி என்னவென்றால், டய..."

முனிலட்சுமி தொட்டித் தண்ணீரை ஒரு குடம் மொண்டு என் காலில் ஊற்றினாள்.

"ஐயோ, சேறாயிட்ச்சு, நீங்க உள்ள போங்க" என்றாள். அவள் கரியப்பனைப் பார்த்தாள். "அதெல்லாம் மொதலாளிகிட்டதான் சொல்லுவேன். அவரே வரட்டும்."

ராஜப்பன் அன்றைக்கே வந்தான். சட்டையில் மாம்பழ நாற்றம். எனக்கு ஒரு வணக்கம்கூடப் போடவில்லை. முனிலட்சுமி அவனிடம் என் கோரிக்கை இரண்டையும், ஒரு வார்த்தை மாற்றாமல் ஒப்பித்தாள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். அவன் பல்லைக் கடித்தான். தோப்பில் இன்னும் பாதிக்கு மேல் பழம் மரத்தில் இருந்தது. கிருஷ்ணகிரியில் ரிஜிஸ்தர் ஆகி, மாரம்மா கைநாட்டு வைத்துவிட்டு வந்த பிறகுதான் முனிலட்சுமி வாயைத் திறந்தாள்.

"டயரையும் சேத்து அனுப்புங்க. உள்ள முள்ளு நிக்குது."

விஷயம் அவ்வளவுதான். குடிசை வழியை அடைக்க ராஜப்பன் வெட்டிப் போட்ட வேலமுள்ளை மாரம்மா தினமும் தள்ளித் தள்ளி லாரித் தடத்தில் போட்டிருக்கிறாள். முள் டயரில் ஏறி உள்ளேயே உடைந்து நின்றிருக்கிறது. கட்டுப்பாட்டுக்குப் பயந்து திருட்டுத்தனமாக அனுப்பியதால், டியூப் மட்டும் வைக்கோலுக்கு அடியில் வந்தது. டயர் தோப்பிலேயே கிடந்தது. முள்ளும் அதிலேயே கிடந்தது.

"டிரைவர்களுக்கு இது தெரியாதா?" என்று கேட்டேன்.

"நல்லாத் தெரியும். சென்றாயன் அவங்களுக்குச் சினேகிதன் இல்லையா? முனிராஜ்தான் வைக்கோல் வண்டி ரோசனையே சொன்னான்."

"மாரம்மாவுக்கு?"

"தெரியாமலா முள்ளத் தள்ளுனா?"

"டீக்கடைக்காரனுக்கு?"

"உங்களுக்குப் பன்னுக்குக் கடன் குடுக்கச் சொன்னதே நான்தாங்க."

அப்புறம் டயர்கள் வந்தன. அவள் கொட்டகையில் உட்கார்ந்து, ஒவ்வொரு டயருக்குள்ளும் கைவிட்டுத் தடவி, முள்ளைப் பிடுங்கித் தகர டப்பாவில் போட்டாள். விரலில் ரத்தம். புடவையில் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் மாரம்மா ஒரு டயரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடம் கிடைத்த முகமாக இல்லை. இடமா அவளுக்கு வேண்டியிருந்தது?

மாரம்மா போன பிறகு, களியை என் முன்னால் வைத்தாள் முனிலட்சுமி. விரதத்தை முடித்துக்கொண்டேன். மனம்தான் ஆறவில்லை.

"ஏண்டி, ஊருக்கெல்லாம் சொன்னாயே. கட்டிய புருஷன், தலைவன், போராட்டத்தை ஆரம்பித்தவன், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

கீரையை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"சொல்லியிருந்தா நோட்டீஸ் அடிச்சிருப்பீங்களே."