ஒரு பதிவுக்கு ஒரு ரோல்ஸ்

வெறுங்கையோடு போய் யாரிடமும் உதவி கேட்கக்கூடாது என்று பழக்கிய வீட்டில் வளர்ந்தவன் நான். ஒரு சீப்பு வாழைப்பழமாவது கொண்டுபோக வேண்டும். மெல்பேர்னுக்கு வந்தும் அந்தப் பழக்கம் விடவில்லை. அதனால் ஒருமுறை வேலையே போகப் பார்த்தது.

அங்கே டண்டினொங் பகுதியில் பிஸ்கட் பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தற்காலிகமாக இருந்தேன். வேலை செய்கிறவர்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் பதிந்து வைப்பதற்கு அங்கே ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். மெஷின் இறுகினால் என்ன செய்வது, எந்தச் சத்தம் கேட்டால் நிறுத்துவது, எல்லாம் அதற்குள் இருக்க வேண்டுமாம். அங்கே முக்கால்வாசிப் பேர் எங்கள் ஆட்கள்; தமிழில் எழுதினாலும் அதுவே ஆங்கிலமாக்கிவிடும். எல்லாரையும் எழுத வைப்பது என் பொறுப்பு. எழுத வைத்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. மகள் அப்போதுதான் பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தாள். வீட்டுக்குப் போவது எனக்குக் கட்டுப்படியாகாது.

பயிற்சிக்கு எல்லாரும் வந்தார்கள். சொன்னதற்கெல்லாம் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. எழுதச் சொல்லி, என் படம் போட்டு போஸ்டர் ஒட்டினேன். (யாரோ அதில் மீசை கீறிவிட்டார்கள். என் சொந்த மீசையைவிட நன்றாகத்தான் இருந்தது.)

கடைசியில் அறிவித்தேன்: ஒரு பதிவுக்கு ஒரு மட்டன் ரோல்ஸ். உங்கட வேலைக்கு நான் ஏன் மாக்குழைக்க வேணும் என்று கேட்டுக்கொண்டே மனைவி குழைத்தாள். சனி, ஞாயிறு நாங்கள் குசினியை விட்டு வெளியே வரவில்லை.

திங்கள் மத்தியானத்துக்குள் பதிவுகள் குவிந்துவிட்டன. நான் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பூரித்துப் போனேன். மனேஜர் அதைவிடப் பூரித்து, சிட்னியிலிருந்து தலைமை அதிகாரியையே வரவழைத்துவிட்டார்.

அந்த அம்மா எல்லாருக்கும் முன்னால் பெரிய திரையில், அதிகம் பேர் வாசித்த பதிவைத் திறந்து ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தார். எழுதியவர் பொதி மெஷினில் நிற்கும் மன்னார் மேரி அன்ரி. அவர் தமிழில் எழுதியிருந்தது இதுதான்:

"பிள்ளையள், எதையாவது எழுதுங்கோ. தம்பி வாசிக்கிறேல்லை. ரோல்ஸ் ஆற முதல் வாங்குங்கோ."

தம்பி என்றது என்னை. அடுத்த பதிவு, புட்டு கட்டிபடாமல் அவிப்பது எப்படி. அதற்கடுத்தது, கார் நிறுத்த நிழலான இடம். மெஷினைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதிகாரி சிரிக்கவில்லை. வேலையைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று அன்ரியைக் கேட்டார். அன்ரி என் பக்கம் திரும்பினார்.

"எனக்குத் தெரிஞ்சதெல்லாத்தையும் அதுக்குள்ள போட்டிட்டால், பிறகு என்னை என்னத்துக்கு வச்சிருப்பினம், தம்பி?"

அதை அதிகாரிக்கு ஆங்கிலத்தில் நான்தான் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயத்தில் நான் ரோல்ஸ் பொரித்தேன். அதே பயத்தில் அவர் எழுதாமல் இருந்தார். இத்தனை கெஞ்சிய நான், ஏன் எழுதவில்லை என்று அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

எழுதியதைக் காரணமாக வைத்து ஒருவரையும் நிறுத்த மாட்டோம் என்று அதிகாரி அங்கேயே சொன்னார். பிறகு அதைக் கையெழுத்திட்டும் தந்தார்கள். அன்ரி மெல்ல மெல்ல எழுதத் தொடங்கினார். நான் ஒவ்வொன்றாக உட்கார்ந்து வாசித்தேன். சில மாதங்களில் எனக்கும் வேலை நிரந்தரமானது, இனிச் சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்ற நிபந்தனையோடு.

இந்தக் கதையை மனைவி பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டாள். எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிறவர்கள் அவர்கள். ஆனால் வீட்டுப்பாடம் முடிந்ததா என்று நான் அறைக்குள் எட்டிப் பார்த்தால், மகள் தன் தம்பியிடம் நல்ல தமிழில் சொல்லுவாள்:

"எதையாவது எழுது. அப்பா வாசிக்கிறேல்லை."