கண்ணை மூடிச் சலித்தவள்

மூட்டு வீக்கத்துக்கு இலைப்பொடியை ஊதிக் கொடுக்கும் மூச்சையாவின் கூடத்தில் ஊசி குத்த இடமில்லை. முழங்கால் வீங்கியவர்கள் முன்வரிசை. மணிக்கட்டு வீங்கியவர்கள் அடுத்த வரிசை. வீக்கமே இல்லாதவர்கள், நாளைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று பின்வரிசை.

இலைக்குள் சத்து உறங்குகிறதாம். ஐயா மூன்று முறை ஊதினால் எழுந்துகொள்ளுமாம். ஆனால் பொடியை யாராவது பார்த்துவிட்டால் வெட்கப்பட்டு மறுபடியும் படுத்துவிடுமாம். ஆகவே கண்ணை இறுக மூடி, வாயை அகலத் திறந்து விழுங்க வேண்டும். பக்தர்களுக்கு இரண்டுமே நன்றாக வந்தது.

வீக்கம் வடிந்தது என்னவோ உண்மை. இரும்பு கடையும் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவருக்கு மடங்காத விரல் மடங்கியது. கூடவே முகம் நிலா மாதிரி உருண்டது. பொடி தின்ற எல்லாருக்கும் அதே உருண்டை. 'அருள் முகம்' என்று அதற்குப் பெயர் வைத்தார் ஐயா. கூட்டத்தில் தன் அப்பா யார் என்று தெரியாமல் ஒரு குழந்தை வேறொருவர் மடியில் உட்கார்ந்துகொண்டதும் உண்டு.

ரொட்டிக்கடை நடத்தும் அவர் தங்கைக்கு மட்டும் அந்த முகம் பிடிக்கவில்லை. அண்ணனுக்குக் கண் மங்கியது. படியேறினால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி மருந்தோ எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. கடைக்கு வரும் நர்ஸிடம் கவலையைச் சொன்னாள்.

"ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுறாரா? கண்டபடி சாப்பிட்டா இப்படித்தான் முகம் ஊதும். சர்க்கரை ஏறும்."

"வெறும் இலைப்பொடிதான் சிஸ்டர்."

"இலையைக் குறை சொல்லலைக்கா. வீக்கத்தைக் குறைக்கிற சத்து சில செடியில இருக்குன்னு சோதிச்சே பார்த்திருக்காங்க. ஆனா வெறும் இலை முகத்தை இப்படி உருட்டாது. பொடியில என்ன கலந்திருக்குன்னு பாருங்க. ஆனா ஒண்ணு, திடீர்னு நிறுத்திடக் கூடாது, அதுவும் ஆபத்து. டாக்டர்கிட்ட கூட்டிட்டு வாங்க."

டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டாள். அண்ணன் மசியவில்லை. "தினமும் சாமி கும்பிட்டுத்தானே அடுப்பையே பத்த வைக்கிற? உனக்கே நம்பிக்கை இல்லைன்னா எப்படி?"

"சாமியை நம்புறேண்ணே. ஊதுறவரை எதுக்கு நம்பணும்?"

மறுநாள் அண்ணனோடு வரிசையில் நின்று அவளும் ஒரு பொட்டலம் வாங்கினாள். பையிலிருந்து மாவுச் சல்லடையை எடுத்தாள். அடியில் ஒரு தட்டை வைத்துப் பொட்டலத்தைக் கொட்டினாள். கல்லோ பூச்சியோ இருக்குமென்று, எந்த மாவையும் சலிக்காமல் பிசையாதவள்.

"ஏம்மா, பொடியைப் பார்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?" என்று சீறினார் ஐயா.

"நான் எங்க ஐயா பார்க்கிறேன்? கண்ணை மூடிக்கிட்டுதானே சலிக்கிறேன்."

உண்மையிலேயே கண்ணை மூடியிருந்தாள். மற்ற எல்லாருடைய கண்ணும் திறந்திருந்தது.

பச்சைப் பொடி கீழே இறங்கியது. வலையில் சில வெள்ளைத் துண்டுகள் தங்கின. அவற்றில் ஒன்று சரியான அரைவட்டம். அரைக்கச் சோம்பல்பட்டிருக்கிறார்கள்.

"அது... இலையோட விதை," என்றார் ஐயா. குரலில் காற்று குறைந்திருந்தது.

அண்ணன் அதை எடுத்து விரலால் தடவினார். காலமெல்லாம் இரும்பைத் தடவிப் பார்த்த விரல்.

"விதைக்கு ஓரம் இவ்வளவு சீராவா இருக்கும்? எழுத்து வேற அச்சடிச்சிருக்கு. ஐயா, இது செடியில காய்ச்சதில்லை. மிஷின்ல அழுத்தின மாத்திரை."

பிறகு யாரும் ஐயாவைப் பார்க்கவில்லை. வரிசை அப்படியே சல்லடைப் பக்கம் திரும்பியது. பொட்டலத்துக்குப் பொட்டலம் வெள்ளைத் துண்டு. பின்கதவை நோக்கி நகர்ந்த ஐயாவைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார் அண்ணன். "போலீஸ் வர்ற வரைக்கும் நல்லா மூச்சு விட்டுக்குங்க."

"யாரும் மருந்தைச் சட்டுன்னு நிறுத்திடாதீங்க. எல்லாரும் ஒண்ணா ஆஸ்பத்திரிக்குப் போகலாம், நானும் வரேன்," என்றாள் தங்கை. நடக்க முடியாத ஒரு பெரியவருக்குத் தோள் கொடுத்தாள். அண்ணன் அவள் பையை வாங்கிக்கொண்டார்.

வாசலில் ஒரு அம்மா பயபக்தியோடு சல்லடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ரொட்டியக்கா, இதுல என்ன மந்திரம் போட்டிருக்கீங்க? எங்க வீட்டுக்கு ஒரு தடவை கொண்டு வாங்களேன்."

"மந்திரம் இல்லைம்மா, ஓட்டைதான் இருக்கு. உங்க வீட்டுலயும் ஒண்ணு சும்மாதானே தொங்குது. மாவுக்கு மட்டும் எதுக்கு எடுக்கிறீங்க? யாராவது ஊதிக் குடுத்தாலும் எடுங்க."