ஸ்பீக்கர் அண்ணை மேடையேறிய சனிக்கிழமை

ஒட்டுசுட்டானில் ஸ்பீக்கர் அண்ணையின் அனுமதியில்லாமல் இதுவரை ஒருவரும் செத்ததில்லை. டொக்டர் கையெழுத்துப் போடலாம், கிராம சேவகர் முத்திரை குத்தலாம், வீட்டுக்காரர் விழுந்து புரண்டு அழலாம். அதெல்லாம் வெறும் ஆயத்தம். கூரையில் இரண்டு ஒலிபெருக்கி பூட்டிய அவருடைய ஓட்டோ சந்தியைக் கடந்து, "ஒட்டுசுட்டானைப் பிறப்பிடமாகவும், வசிப்பிடமாகவும் கொண்ட..." என்று அந்தக் குரல் தொடங்கினால்தான் இங்கே ஒரு சாவு சாவாகும்.

அவருக்கும் தாய் தகப்பன் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஊரிலுள்ள எல்லாருடைய முழுப்பெயரையும் தகப்பன் பெயரோடு ஊருக்குச் சொல்கிற மனிதரை ஊர் வெறும் ஸ்பீக்கர் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறது.

எனக்கு அவரோடு தொழில் வழியாகப் பழக்கம். நான் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். செத்தவீட்டுக்காரர் கொப்பித்தாளில் கிறுக்கிக் கொடுப்பதை நான் ரைப் செய்து கொடுப்பேன், அவர் வாசிப்பார். வாசிக்க முதல் என்னைப் படுத்துகிற பாடு சொல்லி மாளாது.

"தம்பி, மூண்டாவது மருமோளின்ர பேர் விடுபட்டுப் போச்சு."

"அண்ணை, அவை தந்த தாளிலயே இல்லை."

"போய்க் கேட்டுக்கொண்டு வாறன். இல்லாட்டி அவா நாளைக்கு வந்து அழமாட்டா, சண்டை பிடிப்பா."

ஒருமுறை சந்தைக் கொட்டிலில் படுத்துக் கிடந்த ஒரு கிழவர் செத்துப்போனார். தாளில் பெயரும் இடமும் மட்டும்தான் இருந்தன. அண்ணை தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஒட்டுசுட்டான் சந்திக் கடைக்காரர்களின் அன்பு அயலவருமாவார் எண்டு போடு" என்றார். வழக்கமாக ஒரு ஊரை இரண்டு தரம் சுற்றுகிறவர் அன்றைக்கு மூன்று தரம் சுற்றினார். ஏன் என்று கேட்டேன். "சொந்தக்காரர் இருக்கிறவனுக்கு ரெண்டு தரம் காணும். இல்லாதவனுக்குத்தான் மூண்டு" என்றார். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிக் கோபிப்பது?

குரல்தான் அவருடைய சாபம். ஒவ்வொரு வசனமும் மேலே போய், நின்று, மெல்ல இறங்கி மண்ணுக்குள் போகும். வேறு மாதிரிப் பேச அவருக்கு வராது. தேத்தண்ணிக் கடையில், "ஒரு பிளேன்ரீ... சீனி குறைவாக..." என்று அவர் சொன்னால், பக்கத்து மேசையில் இருப்பவர் கையிலிருந்த வடையைக் கீழே வைத்துவிடுவார். இன்றைக்கோ நாளைக்கோ என்று படுக்கையில் கிடந்த ஒரு பெரியவர், தன் வீட்டுப் படலையடியில் அண்ணையின் ஓட்டோ மெதுவாவதைக் கேட்டு எழும்பி, பொல்லோடு துரத்தியிருக்கிறார். ரோட்டில் பள்ளம் இருந்தபடியால்தான் ஓட்டோ மெதுவானது. பெரியவர் அந்தக் கோபத்திலேயே இன்னும் நாலு வருஷம் இருந்தார்.

ஊரை விடுங்கள், சொந்த வீட்டிலேயே அந்தக் குரலுக்குத் தடை. அவருடைய மனைவி மங்கையக்கா, வாசல்படி மிதித்தால் வாய் திறக்கக்கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் அண்ணை தேத்தண்ணிப் பேணியில் கரண்டியால் தட்டித்தான் கதைப்பார். ஒரு தட்டு என்றால் தேத்தண்ணி. இரண்டு என்றால் சோறு. மூன்று என்றால் வெளியே போய்விட்டு வருகிறேன். நான் முதலில் இதைப் பெரிய பகிடியாக எடுத்து, வருகிற வாடிக்கையாளர் எல்லாருக்கும் சொல்லிச் சிரித்தேன். பிறகு ஒருநாள் மங்கையக்காவே அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்த இடத்தில் காரணத்தைச் சொன்னார்.

"இந்தக் குரலில எல்லாற்ற பேரும் வந்திட்டுது தம்பி. எங்கட பிள்ளையின்ர பேர் மட்டும்தான் வரேல்லை."

அவர்களுக்கு ஒரே மகன். பதினேழு வயது. யுத்தத்தின் கடைசி மாதங்களில், சனமெல்லாம் கடற்கரைப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தபோது செத்துப்போனான். அப்போது எவருக்கும் அறிவித்தல் இல்லை, தோரணம் இல்லை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான் அண்ணை ஒலிபெருக்கி வாங்கிப் பூட்டினார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேணிக் கதையை ஒருவருக்கும் சொல்லவில்லை.

நிலைமை இப்படியிருக்கத்தான் ஊருக்குப் பூங்கா வந்தது.

வெளிநாட்டுப் பணக்காரர் ஒருவர் மாங்குளம் போகிற வழியில் காட்டோரமாகக் காணி எடுத்து, நீர்ச்சறுக்கு, ராட்டினம், சீமெந்து டைனோசர், சீமெந்து யானை எல்லாம் வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கேளிக்கைப் பூங்கா கட்டினார். காட்டு யானையை விரட்ட யானை வெடி கேட்டுக் கந்தோர் கந்தோராக அலைகிற எங்களுக்குச் சீமெந்தில் யானை! திறந்து இரண்டாம் கிழமை உண்மையான யானை ஒன்று வேலியைப் பிரித்துக்கொண்டு உள்ளே போய், சீமெந்து யானைக்குப் பக்கத்தில் விடியும் மட்டும் நின்றுவிட்டுத் திரும்பியது. அது வந்த அளவுக்குக்கூடச் சனம் வரவில்லை. அதனால் கொழும்பில் வளர்ந்த இளம் மனேஜர் ஒரு புது யோசனை கண்டுபிடித்தார். பூங்காவுக்குள் 'திறமை மேடை'. யாரும் ஏறலாம், எதையும் செய்து காட்டலாம். மூன்று நடுவர், ஆளுக்கொரு பச்சை லைற், ஒரு சிவப்பு லைற்.

அதற்குப் பிறகு ஊரைப் பிடிக்க முடியவில்லை. கிராம சேவகர் கைபேசியில் இசையைப் போட்டுவிட்டுக் கந்தோரிலேயே பாடிப் பழகினார். கையெழுத்துக்குப் போன சனம் பாட்டு முடியும் வரை காத்து நின்றது. குளத்துக்குள் இரண்டு நிமிஷம் மூச்சடக்குவேன் என்ற ஒருவரை, மூழ்கிவிட்டார் என்று நினைத்து மூன்று தரம் இழுத்துக் கரையில் போட்டார்கள். தையல்கார அக்கா ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சட்டை தைக்கப் பழகியதில், என்னுடைய நீளக் காற்சட்டை ஒன்று இன்றும் ஒற்றைக் காலோடு கிடக்கிறது. விண்ணப்பப் படிவம் கொப்பியடித்தே என் மெசின் சூடாகிப்போனது.

அந்தச் சனத்துக்குள் ஸ்பீக்கர் அண்ணையும் வந்து நின்றார்.

"எனக்கும் ஒண்டு நிரப்பு தம்பி."

"திறமை எண்ட இடத்தில என்ன போட?"

"பகிடி எண்டு போடு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மயில், பஸ் கொண்டக்டர், உழவு மெசின் என்று எல்லாச் சத்தமும் தனக்கு வரும் என்றார். வயலுக்குள் ஒருவரும் இல்லாத இடத்தில் நின்று பழகுகிறாராம்.

"ஊர் சிரிக்காட்டியும் பரவாயில்லை. அவா ஒருக்காச் சிரிக்கோணும். இது சாவு சொல்லுற குரல் மட்டுமில்லை எண்டு அவாவுக்குத் தெரியோணும். அதுக்குப் பிறகு வீட்டுக்குள்ள நான் வாய் திறந்து ஒரு தேத்தண்ணி கேப்பன்."

"அக்காவைக் கூப்பிட்டியளோ?"

"துண்டில எழுதி அலுமாரியில ஒட்டினனான். அதில பால் கணக்கு எழுதி வச்சிருக்கிறா."

நான் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். பதினேழாம் இலக்கம் கிடைத்தது.

மனேஜருக்கு விளம்பரம் செய்ய ஒரு ஓட்டோ வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்தில் ஒலிபெருக்கி பூட்டிய ஓட்டோ ஒன்றே ஒன்றுதான். நல்ல வசனமாக எழுதிக் கொடுத்தேன்: ஆடுங்கள், பாடுங்கள், அள்ளுங்கள் பரிசு! அண்ணையும் தன்னால் இயன்ற அளவு சந்தோஷமாகத்தான் வாசித்தார். ஆனால் "ஆடுங்கள்" மேலே போய், நின்று, மெல்ல இறங்கி மண்ணுக்குள் போனது. அந்தக் குரல் ரோட்டில் வந்தால் என்ன சொல்கிறது என்று எங்கள் சனம் கேட்பதில்லை. நாளும் நேரமும் மட்டும்தான் கேட்கும். சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி, பூங்காவில். அது போதாதா? கடைக்காரர்கள் கதவைப் பாதி இறக்கினார்கள். உடையார்கட்டுப் பக்கம் ஒரு கோயிலில் மத்தியானப் பூசையை நிற்பாட்டியே விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இளைஞர் கழகப் பொடியள் சந்தியிலிருந்து பூங்கா வாசல் வரை குருத்தோலைத் தோரணம் கட்டினார்கள். தோரணத்தில் எங்களுக்கு இரண்டு வகை. நல்ல காரியம் என்றால் ஓலைக் குருவி தலை நிமிர்ந்திருக்கும். செத்தவீடென்றால் குனிந்திருக்கும். கட்டினது முழுக்கக் குனிந்த குருவிகள். மனேஜருக்கோ கண் கலங்கிவிட்டது.

"பாருங்க அண்ணா, நாங்க கேக்காமலே சனம் எவ்வளவு ஆசையா அலங்கரிச்சிருக்கு!"

படம் எடுத்து முகநூலில் போட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சொல்ல மனம் வரவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்த மனிதரை நான் அதற்கு முன் அந்த ரோட்டில் கண்டதில்லை.

சனிக்கிழமை பூங்கா நிரம்பி வழிந்தது. கொண்டாட்டத்துக்கு வராதவன் வன்னியில் இருக்கலாம், செத்தவீட்டுக்கு வராதவன் இல்லை. உழவு மெசின் இழுத்து வந்த பெட்டிகளில் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சேலையுமாக வந்து இறங்கினார்கள். வாசலில் கும்பிட்டுவிட்டு, "ஆர் மோசம் போனது?" என்று ஆளையாள் கேட்டார்கள். ஒருவரும் சாகவில்லை என்று தெரிந்ததும் சிலருக்கு வந்த அலைச்சலுக்காகக் கோபம்கூட வந்தது. "சரி, வந்தது வந்திட்டம், இருந்திட்டுப் போவம்" என்று பெண்கள் ஒரு பக்கமாகப் பாயில் அமர்ந்தார்கள். ஆண்கள் கதிரைகளை மேடைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டு அரசியல் கதைக்கத் தொடங்கினார்கள். யாரோ வெற்றிலைத் தட்டமும் கொண்டுவந்திருந்தார்கள். பெண்களுக்குள் கடைசி வரிசையில் மங்கையக்காவைக் கண்டேன். அயலவர் மெசினில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கிராம சேவகர் பாடினார். மரியாதைக்கு ஒரு கைதட்டல். தையல்கார அக்கா விரலில் ஊசி ஏற்றிக்கொண்டு இறங்கினார். பதினேழாம் இலக்கம் வந்தது.

ஸ்பீக்கர் அண்ணை சிவப்புச் சட்டை போட்டிருந்தார். அவர் வெள்ளையைத் தவிர வேறு நிறம் போட்டு ஒருவரும் கண்டதில்லை. மைக்கைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான், முழுச் சனமும் எழும்பி நின்றது. கதிரையில் இருந்தவர் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார். வெற்றிலை துப்பப் போனவர் பாதியில் நின்றார்.

அண்ணை ஒரு நிமிஷம் தடுமாறி, மயில் மாதிரி அகவினார். அச்சொட்டான மயில். சனம் தலை குனிந்தது.

"வயலுக்கை வச்சு நடந்திருக்குப் போல" என்று என் பக்கத்தில் நின்றவர் மெல்லச் சொன்னார்.

"பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ, இடம் கிடக்கு!" என்று முல்லைத்தீவு பஸ் கொண்டக்டரைப் போலக் கத்தினார்.

"ஐயோ, பஸ்ஸாலையெல்லோ விழுந்திருக்கு."

கடைசியாக இரண்டு சில்லு உழவு மெசின். கயிறு இழுத்து, ஸ்டார்ட் வராமல், திரும்ப இழுத்து, பற்றி, சேற்றுக்குள் இறங்கி ஓடுகிற சத்தம். நான் கண்ணை மூடியிருந்தால் காலை இழுத்து ஒதுங்கியிருப்பேன். ஒரு பெண் விம்மி அழத் தொடங்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டும் என்று நினைத்த நானும் தலை குனிந்து நின்றேன். அண்ணை கடைசி வரிசையைப் பார்த்தார். மங்கையக்கா முகத்தில் ஒன்றும் இல்லை. சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று மூன்று லைற்றும் எரிந்தன. அவர் மைக்கை அதன் இடத்தில் வைத்து, மூன்று நடுவருக்கும் தனித்தனியே கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

மங்கையக்காவும் நானும் அவருடைய ஓட்டோவில் பின்னுக்கு ஏறினோம். குனிந்த குருவிகள் ரோட்டு நீளத்துக்கும் ஆடிக்கொண்டிருந்தன. சிவப்புச் சட்டையின் கழுத்துப் பொத்தானை அவர் கழற்றிவிட்டுக் கொண்டார். என் வாழ்க்கையில் நான் போன செத்தவீடுகளில் அந்த ஓட்டோவுக்குள் இருந்ததுதான் பெரியது.

சந்திக்குக் கிட்ட வரும்போது மங்கையக்கா, "இஞ்சாருங்கோ" என்றார்.

ஓட்டோ ஒரு குலுக்குக் குலுக்கியது.

"அந்த மெசின் எங்கட பிள்ளை ஓட்டினதெல்லோ?"

அவர் திரும்பாமல் தலையை மட்டும் ஆட்டினார். ஓட்டோ இன்னும் வீட்டுக்கு வெளியே, ரோட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வாய் திறக்கலாம். பயத்தில் அவருக்கு அது ஞாபகம் வரவில்லை.

"அவன் நிப்பாட்டேக்கை அது இருமும். மூண்டு இருமல். அதுக்குத்தானே நீங்கள் நெடுகப் பேசுவியள், மெசினை உடைக்கிறான் எண்டு. அதை விட்டிட்டியள்."

அவர் ஓட்டோவை ஓரம் கட்டினார். வாயாலேயே மெசினை முதலிலிருந்து ஸ்டார்ட் பண்ணி, ஓட்டி, நிற்பாட்டினார். ஒரு இருமல், இரண்டு, மூன்றாவது மூக்கால் வந்தது. மங்கையக்கா சேலைத் தலைப்பை வாயில் பொத்தினார். பொத்தியும் நிற்கவில்லை. "அதேதான், அதேதான்! விசரன், உப்பிடித்தான் நிப்பாட்டுவான்!" என்று கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். "இன்னொருக்கா" என்றார். அவர் இன்னொருக்காச் செய்தார். எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை.

எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் அந்த ஓட்டோவைக் கண்டதும் வழக்கம்போல இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"ஆர் அண்ணை?" என்று கேட்டார்.

ஸ்பீக்கர் அண்ணை முகத்தைத் துடைத்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார். "ஒருத்தரும் இல்லை. இண்டைக்கு ஒருத்தரும் இல்லை. நீ போ ராசா" என்றார்.

மேலே போய், நின்று, மெல்ல இறங்கிய அதே குரல்தான். அதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம் போல எனக்கு இருந்தது.