தேயாத வால்வு

மின்விசிறியை நிறுத்தினார். பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் அமுக்கினார். அப்போதும் நெஞ்சுக்குள்ளிருந்து அந்த 'டிக் டிக்' வரவில்லை.

அவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். இதயத்தில் டிக் டிக்கென்று ஓடும் உலோக வால்வு வைத்துப் பல வருஷமாகிறது. அது ஆயுசுக்கும் உழைக்கும் என்று டாக்டர் சொன்னார். "யார் ஆயுசுக்கு? அதோடதா, என்னோடதா?" என்று அன்றைக்கே கேட்டவர் இவர். ஓடுகிற எதுவும் தேயாமல் இருக்குமா? லிஃப்ட் விற்றவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். கிரீஸும் கையுமாக ஓடியது யார்?

மாடிப்படி ஏறி இறங்கினால் வால்வு சூடுபிடிக்கும் என்று பார்த்தார். மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

மனைவியை நெஞ்சில் காது வைக்கச் சொன்னார். வைத்தாள். நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

கொஞ்ச காலமாகவே அவள் இப்படித்தான். வாய்விட்டுப் பேசுவதே இல்லை. விஷயம் முன்பே தெரிந்து மனசுக்குள் வேண்டிக்கொள்கிறாள், பாவம். அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போயிட்டாலும் நீ தைரியமா இருக்கணும்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். துக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது.

மருமகனுக்குப் போன் போட்டார். "மாப்ள, வால்வு நின்னுபோச்சு. உடனே வாங்க." அந்தப் பக்கம் மருமகன் என்னவோ கேட்டார். சரியாக விளங்கவில்லை. "ஆமா, ஆமா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆம்புலன்ஸை எதிர்பார்த்து வாசலில் நின்றவர் முன்னால், மருமகனின் வண்டியிலிருந்து ரெஞ்சும் பையுமாக ஒரு பிளம்பர் இறங்கினார். உள்ளே பிரிட்ஜிலிருந்து தண்ணீர் வழிந்து தரையெல்லாம் ஓடியிருந்தது. அதைப் பார்த்ததும் பிளம்பர் அங்கேயே மண்டியிட்டார்.

"அங்க இல்லப்பா, இங்க" என்று இவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்.

பிளம்பர் மருமகனைப் பார்த்தார். மருமகன் மாமியாரைப் பார்த்தார். அவள் பிளம்பரிடம் மெல்ல ஏதோ சொல்ல, அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து, மொட்டைமாடியில் இருக்கும் ஆளைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்:

"சார், டிக் டிக்னு இங்க நிக்கிற எனக்கே கேக்குது; காது டாக்டரைப் போய்ப் பாருங்கன்னு அம்மாதான் மாசக்கணக்கா கத்திக்கிட்டு இருக்காங்களாம்."