நுரை சாமியின் ஒரு சொட்டு

என் வழியாகத்தான் வந்ததா? யமுனா இதை யாரிடமும் கேட்டதில்லை. தம்பி காது மந்தமாகி, சிறுநீரகம் கெட்டு, இருபத்திரண்டு வயதில் போய்ச் சேர்ந்தான். இப்போது மகன் பரணிக்குப் பத்து வயது. சிறுநீரில் நுரை.

திருப்பதி டாக்டர் படம் வரைந்தே காட்டினார். சிறுநீரக வடிகட்டியை நெய்யும் மரபணுவில் ஒரு பிழை; புரதம் சிறுநீரில் கசிந்து நுரைக்கிறது. அம்மாவுக்கு அந்த மரபணு இரண்டு. ஒன்று கெட்டாலும் மற்றது ஓரளவு தாங்கும். பையனுக்கு ஒன்றே ஒன்று. "யார் தப்பும் இல்லம்மா. மாத்திரைய மட்டும் நிறுத்திடாத."

இவ்வளவையும் கேட்க யாருக்குப் பொறுமை? குடிபாலா நுரை சாமி ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: தோஷம்.

சித்தூரிலிருந்து ஆட்டோ ஆட்டோவாக ஜனம். பரிசோதனைக் கூடத்தில் சிறுநீர் கொடுக்க வெட்கப்பட்டவர்கள், இங்கே சீசாவைத் தலைக்கு மேல் ஏந்தி நின்றார்கள். சாமி குலுக்குவார். நுரை பொங்கும். பால்நிறத் தீர்த்தம் ஒரு சொட்டு. நுரை அமுங்கிவிடும். "போச்சு தோஷம்! இனிமே மாத்திர வாணாம்!" உடனே கோவிந்தா கோஷம்.

போன வாரம் பரணியின் சீசாவும் அப்படித்தான் அடங்கியது. மாமியார் செங்கம்மா மாத்திரை அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். "உன் பொறந்தூட்டு சாபம் எம்பேரன துன்னுக்கினு இருந்திச்சி. சாமி எடுத்துட்டாரு. இன்னும் மாத்திர எதுக்கு?"

யமுனாவுக்கு அந்தச் சொட்டைத் தெரியும். அவள் வேலை செய்யும் ஸ்ரீ சிட்டி தொழிற்சாலையில், பாட்டில் கழுவும் தொட்டி பொங்கினால் சூப்பர்வைசர் ஊற்றுவதும் நுரையை அடக்கும் அதே பால்நிற மருந்துதான். அவர் மந்திரம் சொல்வதில்லை, பாவம்.

இந்த வாரம் இரண்டு சீசாவோடு வந்தாள். முதல் சீசாவைக் குலுக்கிய சாமி கண்களை மூடினார்.

"ஏழு தலமொற நாகதோஷம்! பொம்பள வழி!"

சொட்டு விழுந்தது. நுரை ஒழிந்தது.

"போச்சா சாமி?"

"சுத்தமா போச்சும்மா."

"அது சோப்புத்தூள் கரைச்ச தண்ணி. சோப்புக்கு எந்த வழியில தோஷம்?"

அடுத்தது பரணியுடையது. அதிலும் சொட்டு விட்டார். நுரை போனது. மருந்துக் கடையில் வாங்கிய சோதனைத் தாளை யமுனா அதில் நனைத்தாள். மஞ்சள் தாள் கரும்பச்சையானது.

"பச்சன்னா புரதம் இன்னும் போய்க்கினே கீதுன்னு அர்த்தம். நுரதான் போச்சு. நோவு போவல."

"ஏமய்யா!" வரிசையில் நின்ற ரங்கையா அலறினார். "மூணு மாசமா எம்பொண்ணுக்கு மாத்திர குடுக்கலயேடா பாவி!" சாமியின் முதுகுக்குப் பின்னால் தொங்கிய திரையைக் கிழித்தார். பின்னால் தீர்த்தம், இருபது லிட்டர் கேனில், கம்பெனி லேபிளோடு. சாமி ஓடிய வேகத்தில் அவருக்கு எந்த நோயும் இல்லை என்பது மட்டும் உறுதியானது.

கூட வந்திருந்த செங்கம்மா மாத்திரை அட்டையை நீட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"இவன் திருடன். கார்வேட்டிநகரத்துல நெஜ சாமி ஒருத்தர் கீறாராம். நீ ஈரப் பொடவையோட மூணு சுத்து சுத்தி, உங்க வம்சத்துக்காக மன்னிப்பு கேட்டா போதுமாம். வா, பஸ்சு கெளம்புது."

சீசாவைக் குலுக்கக் கொடுத்த ஜனங்களே, தலையையும் ஒரு முறை குலுக்கிப் பாருங்கள். உள்ளே ஏதாவது இருந்தால் சத்தம் வரும்.

யமுனா மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நா வர்ல அத்த. மன்னிப்பு கேக்கற மாதிரி நா ஒண்ணும் பண்ணல."