ஏழாம் படுக்கைக்குப் போன கொம்புக் குவளை

ராணுவ ஆஸ்பத்திரியின் ஆவண அறையில், பசிலியோவின் மேஜைமேல் இருக்க வேண்டிய கொம்புக் குவளை இன்றும் இல்லை. அதில் ஊற்ற வேண்டிய ஐஸ் தண்ணீர்க் குடுவையும் இல்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு வர வேண்டிய சிரிலோவையும் காணோம்.

பசிலியோ நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, முற்றத்துக்கு அந்தப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். நினைத்தது சரிதான். மாடியில், ஆண்கள் அறுவைசிகிச்சை வார்டின் தாழ்வாரத்தில், சிரிலோ ஒரு கிழவருக்குத் தெரேரே என்ற குளிர்ந்த மூலிகைத் தேநீரை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கிழவர் உறிஞ்சிவிட்டு ஏதோ சொன்னார். சிரிலோ தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பசிலியோவுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக அது அவருடைய ஜோக்குகளுக்கு மட்டும் கிடைத்து வந்த சிரிப்பு.

இரண்டு பேரும் இந்த ஒரே அறையில்தான் தலை நரைத்தவர்கள். வீடு திரும்பும் நோயாளிகளின் ஃபைல்கள் கீழே வரும். எல்லாக் கையெழுத்தும் இருக்கிறதா என்று பசிலியோ பார்ப்பார். சிரிலோ அலமாரியில் அடுக்குவார். வெயில் ஏறியதும் ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல், மாற்றி மாற்றித் தெரேரே. பெண்டாட்டியிடம் சொல்லாததைக்கூட அந்த நேரத்தில் பேசுவார்கள்.

வார்டு நர்ஸ் நிமியா ஒரு கட்டு ஃபைலோடு உள்ளே வந்தாள்.

"என்னண்ணே, ஆகாசத்தையே பாக்குறீங்க? மழை வருமா?"

"அந்தக் கிழவன் யாரு?"

"ஏழாம் படுக்கையா? ஒப்துலியோ ஐயா. பேண்ட் வாத்தியத்துல சார்ஜெண்டா இருந்து ரிட்டயர் ஆனவரு. குடலிறக்க ஆபரேஷன். நல்ல மனுஷன், வாயத் தொறந்தா வார்டே சிரிக்குது."

"எப்ப வீட்டுக்குப் போவாரு?"

"திங்கக்கிழமை அனுப்பிடலாம்னு மேஜர் டாக்டர் சொல்லிட்டாரு."

பசிலியோவின் முகம் மலர்ந்தது. ஒரு நோயாளி குணமானதற்காக அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

திங்கட்கிழமை வந்தது. குவளை வரவில்லை. நிமியா கொண்டுவந்த கட்டை இரண்டு தடவை புரட்டினார் பசிலியோ.

"ஏழாம் படுக்கை ஃபைல் எங்கம்மா?"

"காலையில திடீர்னு வலிக்குதுன்னுட்டாருண்ணே. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு சொல்லிட்டு மேஜர் தூரத்துல இருக்குற சாக்கோ முகாமுக்குக் கெளம்பிட்டாரு. சிரிலோ அண்ணன்தான் பக்கத்துலயே உக்காந்து கையப் புடிச்சுட்டிருந்தாரு."

"கையையா?"

"ஆமாண்ணே, பாவம்."

யார் பாவம் என்பதில் பசிலியோவுக்கு வேறு கருத்து இருந்தது. சென்ற குளிர்காலத்தில் அவருக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கியபோது, சிரிலோ ஒரு கிராம்பைக் கொடுத்துவிட்டுப் போனதோடு சரி. கையெல்லாம் பிடிக்கவில்லை.

"அந்த ஃபைல ஒரு நிமிஷம் அனுப்பு. ஒரு கையெழுத்து சரிபாக்கணும்."

ஃபைல் வந்தது. நிமியா அந்தப் பக்கம் போனதும் பசிலியோ கதவைச் சாத்தினார். முத்திரையை மையில் ஒற்றினார். 'வீடு திரும்பினார்' என்று ஒப்துலியோவின் ஃபைலில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். எலும்பு முறிந்தவன்கூட அந்தச் சத்தத்துக்கு எழுந்து நடந்திருப்பான். அவசர அவசரமாக ஃபைலை அலமாரியில் சொருகிவிட்டு, தன் மேஜை வழியாகச் சமையல் கட்டுக்குப் போகும் அன்றைய சாப்பாட்டுத் தாளில் ஏழாம் படுக்கையையும் அடித்துவிட்டார்.

சோறு நின்றால் கிழவன் தானாகக் கிளம்பிவிடுவான் என்று கணக்கு.

மதியம் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, தாழ்வாரத்தில் ஒரு தூக்குச்சட்டி திறந்திருந்தது. அந்தத் தூக்கு யாருடையது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிரிலோவின் பெண்டாட்டி பிளாசிதா செய்யும் வோரி வோரி, சோள உருண்டையும் பாலாடைக்கட்டியும் மிதக்கும் கோழிச்சாறு. கிழவர் கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்க் கேட்டால்கூடப் பசிலியோவுக்கு ஒரு கரண்டிதான் கிடைக்கும்.

சாயங்காலம் சிரிலோ காலித் தூக்கோடு கீழே வந்தார்.

"எங்கடா போயிருந்த?" என்றார் பசிலியோ, தலையைத் தூக்காமல்.

"மேலதான். பாவம்டா, ஒப்துலியோ ஐயாவுக்குச் சாப்பாடே வரல. சமையல் கட்டுல என்ன கூத்தோ. பிளாசிதாகிட்ட சொல்லி எடுத்துட்டு வரச் சொன்னேன்."

"எனக்குக்கூட மத்தியானம் பசிச்சுது."

"உனக்குதான் சம்பளம் வருதே, கேன்டீன்ல சாப்புடு." சிரிலோ தொப்பியை எடுத்து மாட்டினார். "நீ ஒருநாள் வந்து அவரைப் பாக்கணும்டா. என்னா மனுஷன் தெரியுமா!"

"நான் ஏன் வரணும்? அவரு என்ன ஜெனரலா?"

சிரிலோ காலித் தூக்கை ஆட்டிக்கொண்டே வெளியே போனார்.

மறுநாள் நிமியா உள்தொலைபேசியில் கூப்பிட்டாள். "அண்ணே, புதுசா லெப்டினன்ட் டாக்டர் ஒவேலார்னு ஒருத்தர் வந்திருக்காரு. சட்டம்னா சட்டம்ங்கிற ஆளு. ஏழாம் படுக்கை ஃபைல் எங்கன்னு கத்துறாரு. ஃபைல் இல்லாத ஆளு எப்படி ராணுவக் கட்டில்ல படுக்கலாம்னு கேக்குறாரு."

"இதோ அனுப்புறேன்" என்று பசிலியோ அலமாரிக்குப் போனார்.

அந்த அறையில் ஃபைல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்த்துத்தான் அடுக்குவார்கள். அந்த இடத்தில் ஒப்துலியோவின் ஃபைல் இல்லை. படபடப்பில் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்துச் சொருகினாரோ என்று அங்கேயும் தேடினார். இல்லை. நடு இலக்கம்? அதுவும் இல்லை. ஏணியில் ஏறினார், தரையில் தவழ்ந்தார், தும்மினார். கூரை வரை ஃபைல்கள் நின்று அவரைப் பார்த்தன.

இப்படித் தொலைந்ததைச் சிரிலோ ஒரு சுற்றில் கண்டுபிடித்துவிடுவார். கூப்பிட்டால் வந்தும் விடுவார். ஆனால் எதற்காக அந்த ஃபைலில் முத்திரை குத்தினாய் என்று கேட்பாரே?

பசிலியோ ஒரு புது அட்டையை எடுத்தார். புது எண் போட்டார். பெயர், வயது, ஏழாம் படுக்கை, குடலிறக்கம். இடது பக்கமா, வலது பக்கமா? கண்ணை மூடி யோசித்து 'வலது' என்று எழுதி மாடிக்கு அனுப்பினார்.

அதோடு தீர்ந்தது என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் ஜன்னல் வழியாகச் சிரிலோ கிழவருக்கு விசிறிவிடுவது தெரிந்தது.

மறுநாள் காலை மறுபடியும் தொலைபேசி.

"அண்ணே, ஒப்துலியோ ஐயாவுக்கு ஆபரேஷன்!"

"அதான் ஆச்சே?"

"அது இடது பக்கம். நீங்க அனுப்புன ஃபைல்ல வலதுன்னு இருக்கு, ஆபரேஷன் ஆனதா ஒரு தாளும் இல்ல. புதுசா சேந்த நோயாளின்னு ராத்திரியிலிருந்து பட்டினி போட்டிருக்காங்க. ஐயா சட்டையத் தூக்கித் தையலக் காட்டுறாரு, நானும் சொல்லிப் பாத்துட்டேன். அது பழைய தழும்பா இருக்கும், பேப்பர்ல இல்லையேங்கிறாரு டாக்டர். இப்ப தள்ளுவண்டியில ஏத்திட்டாங்க!"

பசிலியோ ரிசீவரை வைக்கவில்லை. அது கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. முற்றத்தைத் தாண்டி, சல்யூட் அடித்த காவலனை இடித்துத் தள்ளிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மாடிப்படியில் ஏறினார். இரண்டிரண்டு படியாக.

அறுவை அறையின் வாசலில் தள்ளுவண்டி நின்றுகொண்டிருந்தது. அதன் முன்சக்கரத்தைக் காலால் முட்டுக்கொடுத்து, குடுவையை மார்போடு அணைத்துக்கொண்டு சிரிலோ வழிமறித்திருந்தார்.

"டாக்டர், சொன்னா கேளுங்க. அவரு வயித்துல வெட்டுறதுக்கு இனிமே ஒண்ணுமில்ல!"

"நீ டாக்டரா நான் டாக்டரா?" லெப்டினன்ட் ஒவேலார் ஃபைலை உயர்த்திக் காட்டினார். "இதோ எழுதியிருக்கு. வலது பக்கம்!"

"அது நான் எழுதினது!" என்று கத்தினார் பசிலியோ.

எல்லோரும் திரும்பினார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது. சட்டைப் பொத்தான் ஒன்று எங்கோ தெறித்துப் போயிருந்தது.

"பொய் ஃபைலு டாக்டர். நெசமான ஃபைல நான்தான் தொலைச்சேன். வீட்டுக்குப் போயிட்டாருன்னு முத்திரையும் குத்திட்டேன். சோத்த நிறுத்தினதும் நான்தான்."

"ஏன்யா?" டாக்டருக்கு வாய் மூடவில்லை. "இந்தப் பெரியவர் உனக்கு என்ன பண்ணினாரு?"

பசிலியோ தரையைப் பார்த்தார். தண்டனை வரும், பென்ஷன்கூடப் போகும் என்று தெரியும். ஆனாலும் வேறு பொய் எதுவும் வாயில் வரவில்லை.

"தெரேரே குடிச்சாரு" என்றார். "என் சிரிலோகூட. எனக்குப் பொறுக்கல."

நிமியா வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் ஃபைலைப் பார்த்தார், பசிலியோவைப் பார்த்தார். இந்த நோய்க்கு எந்தப் படிவம் என்று தேடுபவர்போல விழித்தார். சிரிலோவின் கண்கள் மட்டும் கலங்கியிருந்தன. ஆனால் உதட்டோரத்தில் ஒரு புன்னகை அடக்க அடக்க ஏறிக்கொண்டிருந்தது. அது ஏன் என்று பசிலியோவுக்குப் புரியவில்லை.

தள்ளுவண்டியில் கிடந்த ஒப்துலியோ முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"அப்பாடா, வந்துட்டானா இவன்! திங்கக்கிழமையே வீட்டுக்குப் போயிருப்பேன் டாக்டர். இந்தச் சிரிலோதான், 'எப்பவும் நான்தான் அவன் மேஜையத் தேடிப் போறேன். ஒரே ஒரு தடவை அவன் என்னத் தேடி மாடி ஏறட்டும், அதுவரைக்கும் வலிக்குதுன்னு சொல்லுங்க'ன்னு கெஞ்சி என்னைப் படுக்க வெச்சான். அதான் ஏறிட்டான்ல, இப்பவாவது என் கால்சட்டையக் குடுங்கய்யா!"