பதினேழு வீட்டு வயிற்றுக்குத்து

எனக்கு 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாது. முப்பது வயது வரை அதை ஒரு நற்குணம் என்றே நம்பியிருந்தேன். (வயிற்றிடம் யார் அபிப்பிராயம் கேட்கிறார்கள்?)

என் கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க, நெடுந்தீவிலுள்ள சொந்தக்காரருக்குச் சொல்லப் போனேன். சொல்லப் போகிறவன் வாய் நனைக்காமல் எழும்பினால், அந்த வீட்டார் கலியாணத்துக்கு வரமாட்டார்கள். ஒரே நாளில் பதினேழு வீடு. பால் தேத்தண்ணீர், பனங்காய்ப் பணியாரம், சோடா, மகேசு அண்ணை வீட்டில் புட்டும் நண்டுக்கறியும், பிறகு கூழ், மறுபடி சோடா, பெரியம்மா வீட்டில் மோர். கடைசிப் படலையைச் சாத்தும்போது வயிற்றுக்குள் கடலைக் கலக்கும் சோளகக்காற்று எழும்பிவிட்டது. மேலும் அலை, கீழும் அலை. கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்தார்.

"என்ன சாப்பிட்டனீங்கள்?"

வாயைத் திறந்தேன். கட்டிலைச் சுற்றி வீட்டுக்கு ஒருவராகப் பதினேழு வீட்டாரும் நின்றார்கள். நண்டு என்றால் மகேசு அண்ணை ஆயுளுக்கும் என் முகம் பாரார். மோர் என்றால் பெரியம்மா அழுவார்.

"ஒண்டும் சாப்பிடேல்லை, டொக்டர்."

"காலமை தொடக்கமோ?"

"ஓம்."

அவருடைய நெற்றி சுருங்கியது. வெறும் வயிற்றில் இப்படி நோவென்றால் அல்சராக இருக்கலாம், கல்லாக இருக்கலாம், அப்பென்டிக்ஸாகவும் இருக்கலாமாம்.

"வாய்வு," என்றார் மகேசு அண்ணை அவசரமாக.

"கண்ணூறு. மாப்பிள்ளைக் களை வந்திட்டுதெல்லே பிள்ளைக்கு," என்றார் பெரியம்மா.

"குடல் ஏறிப்போச்சு," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

எனக்கே குழப்பம். உண்மையில் நான் ஏதாவது சாப்பிட்டேனா?

"யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிறன். வெட்ட வேண்டி வந்தாலும் வரும்," என்றார் டொக்டர். "படகுக்குச் சொல்லுங்கோ."

படகு போனால் கலியாணமும் போய்விடும். அந்த நேரம் பார்த்து வேலணையிலிருந்து வதனாவின் போன். நான் தாலி கட்டவேண்டியவள்.

"என்ன நடந்தது உமக்கு?"

"தெரியேல்லை. நான் ஒண்டும் சாப்பிடேல்லை."

"பக்கத்திலை ஆக்கள் நிக்கினமோ?"

"ஓம்."

"டொக்டரிட்டைப் போனைக் குடும்."

டொக்டர் ஒரு நிமிடம் கேட்டார். போனைத் திருப்பித் தந்தபோது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எத்தினை வீடு?"

விரலால் காட்டினேன். விரல் போதவில்லை.

படகு போகவில்லை. மிச்சத்தை மருந்தும் மலசலகூடமும் பார்த்துக்கொண்டன. கலியாணம் நடந்தது. அறுகரிசி போட்டு வாழ்த்த வந்த ஒவ்வொருவரும் குனிந்து காதுக்குள் கேட்டார்கள்: "தம்பி, எங்கடை சாப்பாட்டாலை இல்லைத்தானே?"

"சீச்சீ, இல்லை," என்று பதினேழு பேருக்கும் சொன்னேன். அப்படியென்றால் அந்த நோ எங்கிருந்துதான் வந்தது? இன்றுவரை தெரியாது.

ஆனால் ஒருவரும் என்னை நம்பவில்லை. ஒவ்வொரு வீடும் தன்னையே சந்தேகிக்கிறது. இப்போது நெடுந்தீவுக்குப் போனால் வதனாவுக்குப் புட்டும் நண்டும் வரும். எனக்கு, எல்லா வீட்டிலும், கொதித்தாறின தண்ணீர். "குடி தம்பி, இதுதான் உனக்கு நல்லது."

பின்னேரப் படகில் வெறும் வயிறு நோகும். வதனா கரை வரை சிரித்துக்கொண்டு வருவாள். இந்த நோவுக்கு மட்டும் எனக்குக் காரணம் தெரியும்.